கதவுக்கு வேண்டாம் அவர் பெயர்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களுக்கும், கரும்புத் தோட்ட மேலாளர் திரு. ஸ்கீட் அவர்களுக்கும், பின்வரிசையிலேயே உட்காரப் பழகிவிட்ட பாறையடி மக்களுக்கும் என் வணக்கம். முன்னால் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. இன்றைக்காவது வாருங்கள்.

வரமாட்டீர்கள். சரி.

பாறையடி குடியிருப்போர் சங்கத் தலைவி, மீன்காரி எல்ரிடா பான்ஃபீல்ட் மறைந்துவிட்டார். மாபெரும் இழப்பு என்று திரு. ஸ்கீட் சற்றுமுன் சொன்னார். நம் பாதையின் உச்சியில் தோட்ட நிர்வாகம் போட்டிருக்கும் இரும்புக் கதவுக்கு எல்ரிடாவின் பெயரைச் சூட்டப்போவதாகவும் அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள்.

கைதட்டினீர்கள்!

யார் நாம்? வெள்ளைக்காரர்கள். எந்த வெள்ளைக்காரர்கள்? போரில் தோற்று, தெருவில் பிடிபட்டு, கப்பலில் அடைபட்டு, இந்த பார்படோஸ் தீவில் கரும்பு வெட்ட விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள் வந்ததும் தோட்ட முதலாளிகள் நம் கையிலிருந்த வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டு துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இவர்களுக்குக் காவல் நில்லுங்கள், குடிசை போட நிலம் தருகிறோம் என்றார்கள். நின்றோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். நின்றோம். அடிமைகள் விடுதலையானதும் காவல் தேவைப்படவில்லை. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு பாறைக்குக் கீழே துரத்தினார்கள். மேலே வர ஒரு பாதை மட்டும் மிஞ்சியது.

அந்தப் பாதையில்தான் எல்ரிடா கோலா மீன் கூடையைத் தலையில் வைத்து வெறுங்காலோடு ஏறினார். கூடவே ஐயோனா பிராத்வெய்ட், அந்த அடிமைகளின் வழிவந்தவர். இருவர் பேச்சும் ஆலயம் வரை கேட்கும்.

"அடியே செங்காலி, வெந்த எறா மாதிரி இருக்குடி உன் காலு. ஒரு செருப்பு வாங்கேன்."

"உன் பாட்டன சுடத்தான் எம் பாட்டன் கையில துப்பாக்கி குடுத்தாங்க. ஒழுங்கா சுட்டிருந்தா உன் வாய்க்குத் தப்பிச்சிருப்பேன்."

"சுடத் தெரிஞ்சிருந்தா நீங்க ஏன்டி கீழ கெடக்கறீங்க?"

சிரிப்பார்கள். ஏறுவார்கள்.

பிறகு கதவு வந்தது. ஜனங்கள் நடக்கும்வரை அது பொதுப்பாதை, நடை நின்றால் தோட்டத்து நிலம் என்றார் நம் சங்கத்து வழக்கறிஞர். அன்றிலிருந்து எல்ரிடா மீன் கிடைக்காத நாளிலும் காலிக்கூடையோடு ஏறினார். காய்ச்சலிலும் ஏறினார். கூடையைக் கதவுக்கு மேலே வீசிவிட்டுத் தானும் ஏறிக் குதித்தார்.

ஒருநாள் திரு. ஸ்கீட் எதிரே நின்றார். நானும் இருந்தேன்.

"ஏம்மா இந்த வயசுல? அதான் ரோடு சுத்திப் போவுதே, பஸ்ஸுல வாயேன். காசு வேணா நான் தர்றேன்."

"உன் தாத்தன் ஜேக்கப் எங்க பக்கத்து வீடுதான்டா. வேலை கேட்டு இதே பாதையிலதான் மேல வந்தான். அன்னிக்கி இங்க கதவு இருந்திருந்தா, நீ இப்போ எங்கூட உக்காந்து வலை பின்னிட்டிருப்ப."

திரு. ஸ்கீட் அவர்களே, அன்று பஸ் காசோடு வந்தீர்கள். இன்று மலர்வளையத்தோடு வந்திருக்கிறீர்கள்.

எல்ரிடாவின் பெட்டி நேற்று சாலையைச் சுற்றிக் காரில் வந்தது. பெட்டியைக் கதவுக்கு மேலே வீச முடியுமா? நாமும் சாலையில்தான் வந்தோம். இன்றும் அப்படியே. எல்ரிடா நோயில் படுத்த நாளிலிருந்து ஐயோனா அவர் கட்டிலருகைவிட்டு நகரவில்லை. பாதையில் ஒரு கால்கூடப் படவில்லை. தோட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? இந்தக் கூட்டம்தான் வேண்டும். இந்தக் கைதட்டல்தான் வேண்டும்.

எல்ரிடாவின் பணியைத் தொடர்வோம் என்று சங்கத்தின் சார்பில் நான் இங்கே சபதம் செய்ய வேண்டும். எது அவர் பணி? நடப்பது. அதை மேடையில் நின்று எப்படிச் செய்வது?

எழுந்து நின்று அமைதி காப்போம். பிறகு யாரும் உட்கார வேண்டாம். பஸ் நிற்கும் பக்கம் திரும்பவும் வேண்டாம். கதவு பூட்டித்தான் இருக்கும். சாவியைத் திரு. ஸ்கீட்டிடம் கேட்காதீர்கள். கேட்டால் பாதை அவருடையதாகிவிடும்.

ஐயோனா அம்மா, கூடையை எடுங்கள்.