தாருக்கு மேல் ரெசின்

குளிக்காமல் நான் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. கரமனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ராமசுப்ரமணியன் சுத்தக்காரன் என்று. அக்ரஹாரத்துப் பையன் துருப்பிடித்த வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுப்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோதும், என் சட்டையில் ஒரு கறை காட்டுங்கள் பார்ப்போம் என்றுதான் கேட்டேன். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார்.

ஷிபா வீடு வீடாக மீன் விற்கிறவள். அவளுடைய வேன் போன ஆடி மழையில் என்னிடம் வந்தது. முன்பக்கம் இடது சீட்டுக்குக் கீழே தரை அரித்து ஓட்டையாகியிருந்தது. விரிப்பைத் தூக்கினேன். மாதக்கணக்கில் மீன் தண்ணீர் ஊறி அழுகி, செதிலும் புழுவுமாக ஒரு கூழ். வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். இந்த நாற்றத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படித்தான் வண்டி ஓட்டுகிறாளோ என்று எனக்கு ஆத்திரமாகக்கூட இருந்தது.

துருப் பிடிக்காமலிருக்க அந்தத் தரை முழுக்க யாரோ முன்பே தார்ப்பூச்சு அடித்திருந்தார்கள். ஓட்டையை அடைக்க ஊற்றும் ரெசின் பசை தாரின்மேல் பிடிக்காது. தாரைச் சுரண்டி, கிரைண்டர் வைத்து, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்த பிறகுதான் கண்ணாடி நார் விரித்து ரெசின் பூச வேண்டும். சீட்டு நிற்கிற இடமென்றால் அதுவும் போதாது, தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா?

ஆனால் கிரைண்டர் ஓடினால் அந்தக் கசடு சூடாகி முகத்தில் தெறிக்கும். வாய்க்குள் போகும். உங்களால் முடியுமா சார்? என்னால் முடியவில்லை. தார்மேலேயே நாரை விரித்து ரெசினை ஊற்றினேன். மறுநாள் விரலால் தட்டிப் பார்த்தேன். பிடித்திருந்தால் கல்லைத் தட்டுவதுபோல் கேட்கும். இது உள்ளே காலியாக இருப்பதுபோல் பொள்ளலாகக் கேட்டது. கறுப்புப் பெயிண்ட் அடித்து, சீட்டை அதன்மேலேயே போல்ட் போட்டு முறுக்கி, புது விரிப்பு போட்டு, உள்ளே இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன்.

வண்டி எடுக்க வந்தவள், "சாமீ, சீட்டு இளகாதல்லோ? மோளு அதிலயாக்கும் இருப்பா" என்றாள்.

இளகாது, கழன்று வராது என்றேன்.

"சாமி சொன்னா மதி" என்று, என் வார்த்தையே போதும் என்பதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போனதும் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன்.

பதினோராம் நாள் பழவங்காடியில் பஸ் ஒன்று குறுக்கே திரும்ப, ஷிபா பிரேக்கை அழுத்தியிருக்கிறாள். கல்லிலிருந்து தோசை கிளம்புவதுபோல் நான் ஒட்டிய தரை முழுசாகக் கிளம்பிவிட்டது. சீட்டோடு போய்க் கண்ணாடியில் மோதிய அவள் மகள் ஆதிராவுக்கு எட்டு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான். சீட்டு ஒருநாள் கிளம்பும் என்று தெரியும். அதில் உட்காருவது குழந்தை என்றும் தெரியும். காசை மிச்சம் பிடிக்கச் செய்ததாக மட்டும் எழுதாதீர்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை.

நேற்று வண்டியிலிருந்து கிளம்பிய அந்த ரெசின் பலகையை மேசைமேல் வைத்து, உன் வேலைதானா, தொட்டுப் பார்த்துச் சொல் என்றீர்கள். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியதும், அதிலிருக்கிற ரத்தத்தைப் பார்த்தால் இப்போது பயமாக இருக்கிறதா என்றீர்கள்.

ரத்தத்தை நான் கவனிக்கவில்லை சார். அதில் இன்னும் அந்த மீன் நாற்றம் போகவில்லை.