கட்டவிரலு எந்தப் பக்கம்

இல்லீங்க எசமாங்க, கரடி அடிச்சுதுன்னு எழுதிப்போடாதீங்க. கைநாட்டுத்தானுங்களே, வெக்கறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லோணும், செத்த நில்லுங்க.

நாப்பது வருசமா எங்க சாமைக் காட்டுக்கு நாந்தானுங்க காவலு. விடிஞ்சதும் மண்ணப் பாத்தே எது வந்துட்டுப் போச்சுன்னு சொல்லிப்போடுவேன். மானு ரெண்டு நகத்து நுனியில நடக்கும். நீங்க ஏறி வந்த குதிரையும் நகத்துலதான், அதுக்கு ஒத்த நகம். சிறுத்தப்புலி விரல மட்டும் ஊணும், குதிங்காலு தரையில படாது. கரடிதான் நம்மளாட்ட குதிங்காலு வரைக்கும் அழுத்தி வெக்கும். ஆமாங்க, அஞ்சு விரலுதான். உங்க போலீசுக்காரரு அதப் பாத்துத்தான் கரடின்னுட்டாரு. அவரு மேல தப்பில்லீங்க.

ஆனா கரடிக்குப் பெரிய விரலு வெளிப்பக்கம் இருக்கும். முன்னால நகம் நீளமாக் குத்தியிருக்கும். எம்மவன் சின்னக்கண்ணு செத்துக் கெடந்த எடத்துல கட்டவிரலு உள்பக்கமுங்க. நகக்குத்தே இல்ல. நேத்து மழ தூறுச்சு, ஒரு தடத்து மேல கூடையக் கவுத்து வெச்சிருக்கேன். வந்து பாருங்க.

மொகம் கிழிஞ்சிருக்குதா? அருவாளும் கிழிக்குமுங்களே.

அழுவலீங்க. வரல. கண்ணு ரெண்டும் காஞ்சு கெடக்குது.

ஒரு பலா மரமுங்க. எங்க ஊட்டுக்காரரு பசங்க ரெண்டு பேருக்கும் காட்டப் பிரிச்சுக் குடுத்தாரு. நடு வரப்புல நின்ன மரத்த யாருதுன்னு சொல்லாம போய்ச் சேந்துட்டாரு. வருசா வருசம் காய் அறுக்கறப்ப சத்தந்தான். நாந்தான் நடுவுல நின்னு ஆளுக்குப் பாதி எடுத்துக் குடுப்பேன். இந்த வருசம் எனக்குக் காய்ச்சலு, போகல.

அந்தத் தடத்துல எடக்காலு சுண்டுவிரலு பக்கத்து விரலு மேல ஏறிக் கெடக்குதுங்க. பொறந்தப்பவே அப்பிடித்தான். வெளக்கெண்ண தடவித் தெனமும் இழுத்து இழுத்து விட்டேன். நேராகவேயில்ல.

பெரியவனுங்க. கருப்பண்ணன்.

உள்ளதான் இருக்கான். வேண்டாமுங்க, ஓட மாட்டான். நேத்திருந்து ஒண்ணுந் திங்கல, இப்பத்தான் களி போட்டு வெச்சேன். தின்னு கையக் கழுவட்டும். அப்பறம் கூட்டிக்கிட்டுப் போங்க.