சந்தனம் பூசிய சிலிண்டர்

பாம்பனில் சுற்றுலாப் படகுக்கு நின்றிருந்தோம். முதுகுளத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா ஏறாமல் நிற்கவே, வரிசையே நின்றுபோனது.

“ஏப்பா, சுத்தி இம்புட்டுத் தண்ணி கெடக்கு. தீயணைக்க இந்தச் செவப்பு சிலிண்டரு எதுக்கு?”

“டீசல் பத்துனா தண்ணி ஊத்தப்படாதுக்கா, தீ பரவிரும்,” என்றார் படகுக்காரர். “இதத்தேன் அடிக்கணும். மீட்டரு முள்ளு பச்சையில நின்னா நல்லாருக்குன்னு அர்த்தம்.”

“முள்ளு எங்கன?”

படகுக்காரர் குனிந்தார். ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மீட்டரை முழுக்க மூடியிருந்தன. தோள் துண்டால் அழுத்தித் துடைத்தார். முள் பச்சையில்தான் நின்றது. வரிசையில் எல்லோரும் சிரித்தோம்.

அந்த அம்மா ஏறுவதற்குக் கை நீட்டினார்.

“பொட்ட நெத்தியில வைக்கணும்ப்பா. கண்ணுலயா அப்புவாக?”