ஜெரோமின் இரண்டாவது படம்

கல்யாண வீடியோ எடுப்பவனுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை போடுவார்கள், மேடம். அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும். பல வருஷம் அப்படிச் சாப்பிட்டவன் நான். என்னிடம் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பந்திக்குப் போகக் கூடாது என்றுதான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே வகுப்பு தொடங்கினேன். ‘ஷ்யாம்சுந்தர் மீடியா ஆர்ட்ஸ்’ என்று போர்டு. இன்ஜினீயரிங்கில் இடம் கிடைக்காதவர்கள் வந்தார்கள், கிடைத்தும் ஓடிவந்தவர்கள் வந்தார்கள். செல்ஃபி நன்றாக எடுக்கிறாய் என்று அத்தை சொன்னதை நம்பி ஒரு பையன் வந்தான்.

லென்ஸ், வெளிச்சம், எடிட்டிங், கல்லூரி நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பது வரை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் எடுத்து வந்த குறும்படங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் மழையில் நின்று சிகரெட் பிடிப்பான். மழை இல்லாத மாதத்தில் மொட்டை மாடியிலிருந்து பக்கெட்டில் ஊற்றுவார்கள். பின்னால் பியானோ அழும். கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு தத்துவம், எழுத்துப் பிழையோடு. திறமையில் குறை சொல்ல மாட்டேன். பாவம், அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு துக்கம் இல்லை.

முதலில் மாளவிகாவுக்குத்தான் உதவினேன். சேலையூரில் வீடு, அப்பா லக்ஷ்மிநாராயணன் பேங்க் மேனேஜர். அவள் ஒரு நாய் வளர்த்தாள். என்னைக் கண்டால் வாலாட்டும், அதனால் ஸ்கூட்டரில் ஏற்றுவது சுலபமாக இருந்தது. வண்டலூர் தாண்டி இறக்கிவிட்டு வந்தேன். ஒரு வாரம் அழுதாள். பிறகு ஆணியில் தொங்கும் நாய்ச் சங்கிலியை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்தாள். பியானோ இல்லை, தத்துவம் இல்லை. வடக்கே பெரிய டிசைன் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. லக்ஷ்மிநாராயணன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்.

“திடீர்னு குழந்தைக்கு இவ்ளோ டெப்த் எப்படி சார் வந்தது?”

“பயிற்சிதான் சார்” என்றேன். பொய் இல்லையே.

அடுத்தவன் ஜெரோம். கோவளத்துப் பையன். அப்பா ரத்தினம் கடலுக்குப் போகிறவர், அம்மா செல்லம்மா மீன் விற்பவர். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிஜமான கண் அவனுடையதுதான். மற்றவர்கள் கடலை எடுத்தால் கடல் இருக்கும், இவன் எடுத்தால் அதில் உப்பு இருக்கும். ஆனால் கதை இல்லை. கேட்டால் தலையைச் சொறிவான்.

“இன்னாத்த சார் எடுக்குறது? எங்க வூட்ல எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. அப்பா குடிக்கக்கூட மாட்டாரு.”

அந்த வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போயிருந்தேன். உண்மைதான். சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தினம் தன் கையால் முள் எடுத்து எனக்கு மீன் வைத்தார். இந்த நிலைமையில் ஒரு கலைஞன் எப்படி வளர்வான், சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரே பூசைக்குப் போயிருந்தது. ரத்தினத்தின் வலைக் கொட்டகை கரையில் தனியாக இருக்கும், ஓலைக் கூரை. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் கொண்டுபோயிருந்தேன். நைலான் வலை எரிவதில்லை மேடம், உருகுகிறது. எனக்கே அன்றுதான் தெரிந்தது.

உள்ளே ரத்தினம் தூங்கிக்கொண்டிருந்தார். வலையைக் காப்பாற்றப் பார்த்து இரண்டு கையும் வெந்து உதவாமல் போய்விட்டது. உயிர் பிழைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியவன் நான். ஜெரோமின் தோளில் கை வைத்து, “கேமராவை எடுடா, இதுதான் உனக்கு மருந்து” என்றேன். எடுத்தான். கட்டுப்போட்ட கைகளோடு அவர் ஒரு வலை முடிச்சை அவிழ்க்கப் பார்க்கிற காட்சி வரும். வெட்டே இல்லாமல், ஒரே ஷாட்டாக ஓடும். மாணவர் குறும்பட விழாவில் முதல் பரிசு. மேடையில் அவன் முதலில் என் பெயரைத்தான் சொன்னான். செல்லம்மா என் காலைத் தொட வந்தார், நான் தடுத்துவிட்டேன். எனக்கு அதெல்லாம் பிடிக்காது.

பிறகு அவன் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தால், நாவலூரில் ஏதோ ஐ.டி. கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான் என்றார்கள். போய்ப் பார்த்தேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கேமராவ வித்துட்டேன் சார். அப்பாவுக்கு நான்தான் இப்போ கை. சோறு ஊட்டணும், குளிப்பாட்டணும்.”

“அடுத்த படம்?”

“எடுக்க இன்னா சார் இருக்கு? எல்லாம் முடிஞ்சுபோச்சே.”

எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய திறமை வேன் கண்ணாடி துடைக்கிறது. யோசித்துப் பார்த்தால், அவனுக்குக் கொடுக்க என்னிடம் இன்னும் ஒரு கதை மிச்சம் இருந்தது. அதைச் சொன்னேன். பெட்ரோல், பாட்டில், ஞாயிற்றுக்கிழமை, எல்லாம்.

அவன் கத்தவில்லை. “அப்பா உள்ள இருந்தது தெரியுமா சார்?” என்று மட்டும் கேட்டான். நீங்களும் காலையிலிருந்து அதையேதான் கேட்கிறீர்கள். தெரியும். செருப்பு வாசலில் கிடந்தது, உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வெறும் வலை எரிந்தால் என்ன படம் வரும்? நஷ்டஈடு கேட்டு மனு கொடுக்கிற படம் வரும்.

“தெரியும்டா” என்றேன். அவன் துணியைக் கீழே போட்டான். அப்போது அவன் முகம் இருந்ததே மேடம், இத்தனை வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் நான் பேசிக்கொண்டிருந்தது அந்த முகத்தைப் பற்றித்தான். “போன்லயாவது எடுத்துக்கடா, அப்புறம் இது வராது” என்று கெஞ்சினேன். அவன் பாட்டுக்கு உங்கள் ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டான்.

என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த முகத்தை நானாவது படம் எடுக்கத் தோன்றவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.