சைதாவுக்கு வாசித்துக்காட்டுவது

காலைத் தேநீருக்கு நான் சர்க்கரை போடுவதில்லை. உங்கள் இதழ் பேட்டிக்காக அனுப்பிய கேள்விகளில் முதலாவது, என் அன்றாடப் பழக்கம் என்ன என்பது. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் என் மனைவி சைதாவின் கண்களுக்குச் சொட்டு மருந்து விடுவேன். பிறகு முந்தின நாள் எழுதியதை அவளுக்கு உரக்க வாசித்துக்காட்டுவேன். வாய் எங்கே தடுக்குகிறதோ அங்கே அடித்துத் திருத்துவேன். அப்புறம் தின்கன்ஜூன் சந்தையில் இருக்கும் என் கயிற்றுக் கடையைத் திறக்கப் போய்விடுவேன்.

வாசிப்பு என் எழுத்தை எப்படி வளர்த்தது என்று அடுத்ததாகக் கேட்கிறீர்கள். நூறு புத்தகங்களின் பெயரை அடுக்கித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு தமிழில் கதை எழுதுகிறவனுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியாது. அனுப்பியதெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தது. உங்கள் இதழும் திருப்பியிருக்கிறது, நான் மறக்கவில்லை.

பத்திரிகைக்காரர்களுக்கு ரசனை போதாது என்று சைதாவிடம் புலம்புவேன். அவள் சிரிப்பாள்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் மச்சான். மொதப் பக்கத்துல வாசல்ல நின்ன ஆளு நாலாம் பக்கத்துலயும் வாசல்லயே நிக்கிறான். அவனுக்குக் கால் வலிக்காதா?”

அவள் பெரிய வாசகி. ஊரிலிருந்து யார் வந்தாலும் சேலை கேட்க மாட்டாள், புத்தகம்தான் கேட்பாள். என் கதைகளையும் படிப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டுவாள். எனக்கு வயிறு எரியும்.

அவளுக்குக் கண்ணழுத்த நோய் இருப்பது ஒரு பரிசோதனையில் தெரிந்தது. கண்ணின் உள்ளே பார்ப்பதற்காக மருத்துவர் ஏதோ ஒரு மருந்து விட்டார். அன்று மாலை முழுக்க அவளுக்கு எழுத்துகள் கலங்கிப்போயின.

“எதையாச்சும் படிச்சுக் காட்டுங்க மச்சான். எனக்குப் பொழுது போகணும்ல,” என்றாள்.

கையில் இருந்தது என் கதைதான். அதை உரக்கப் படித்தபோது என் வாக்கியங்கள் மீன் முள்ளாக என் தொண்டையிலேயே சிக்கின. தடுக்கிய இடங்களை விட்டுவிட்டு வாசித்தேன். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினேன். “அப்புறம்?” என்று கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கதையைப் பற்றி அவள் அப்படிக் கேட்டதே இல்லை. விட்டுவிட்ட இடங்களையெல்லாம் நீக்கி அனுப்பினேன். நீங்கள் வெளியிட்ட முதல் கதை அதுதான். பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் ஓடுகிறது என்று நீங்களே பாராட்டினீர்கள்.

மறுநாள் அவள் கண் தெளிந்துவிட்டது. நான் வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

“எனக்குத்தான் கண்ணு தெரியுதே. நீங்க போயி கடையத் தொறங்க.”

மறுபடியும் அந்தப் புரட்டல். என் அடுத்த கதை திரும்பி வந்தது. ஆத்திரமாக இருந்தது. ஒரு மனிதனுக்குத் தன் தொழிலின் சூட்சுமம் பாதி வாழ்க்கை போன பிறகு பிடிபடுகிறது. அதையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டால் அவன் என்ன செய்வான்?

தினமும் சொட்டு விட்டால் பார்வை நிற்கும், விட்டுப்போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மருத்துவர்கள் பயமுறுத்தத்தான் செய்வார்கள். அந்த மருந்து இங்கே லேசில் கிடைப்பதில்லை. எங்கள் மகன் அஜ்மல் பாங்காக்கில் இருந்து, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறான். சைதாவால் தனக்குத்தானே விட்டுக்கொள்ள முடியாது, கண்ணைச் சிமிட்டிவிடுவாள். அது என் வேலை.

நான் விடுவது தண்ணீர். நன்றாகக் கொதித்து ஆறிய, வடிகட்டிய தண்ணீர். கண்டதையும் என் மனைவியின் கண்ணில் விடுகிறவன் அல்ல நான். மருந்தையும் வீணாக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாள் டோ கின் ஏய்க்கும் இதே நோய், வாங்க வசதி இல்லை. அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். இன்றைக்கும் ஊசியில் அவரே நூல் கோக்கிறார். நன்றியாக மொஹிங்கா செய்து பாத்திரத்தோடு அனுப்புவார். மகன் நமக்கு மிஞ்சியே அனுப்புகிறான் என்றுதான் சைதாவிடம் சொல்லியிருக்கிறேன். “ஒங்க மனசு யாருக்கு வரும் மச்சான்,” என்று சொல்லிக்கொண்டே அந்த மீன் குழம்பை அவள் ருசித்துச் சாப்பிடுவாள்.

பார்வை மங்கியது. மருத்துவர் சொட்டைக் கூட்டினார். நானும் கூட்டினேன். பாங்காக்கிலும் போலி மருந்து நடமாடுகிறது, இதுவும் அப்படி இருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைத் தடவிப் பிடித்தாள்.

“நீங்க என்ன செய்வீங்க? அல்லா நாடினது. நீங்க வாசிச்சா காது கேக்குதுல்ல, அது போதும் எனக்கு.”

அன்று நான் அழுதேன், உண்மையாகவே அழுதேன். அந்த அழுகை இப்போது, நீங்கள் நூலாக வெளியிடப்போகும் என் நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. என் எழுத்தில் அதுவே சிறந்த பகுதி என்று எழுதியிருந்தீர்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: எழுதுகிறவன் உரக்க வாசிக்க வேண்டும், கேட்பவருக்குத் தாளைப் புரட்ட வழி இருக்கக் கூடாது. இதை அப்படியே அச்சிடுங்கள், தயக்கம் வேண்டாம். அஜ்மலுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. டோ கின் ஏய்க்குப் பர்மியம்தான். எங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் சைதாவும் மட்டுமே.

நாவல் முடிய இன்னும் நான்கு அத்தியாயம் இருக்கிறது. முடித்த மறுநாள் காலையிலிருந்து அவளுக்கு அசல் மருந்தையே விடுவேன். நாவலை அவளுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். அதை அவளே படிக்கட்டும்.