ஏழாம் நம்பர் மேல் ஒரு அப்பீல்

— அப்பீலுக்குன்னு தனி பாரம் ஒண்ணும் இல்ல சாரே. இது பியானோ போட்டி. ஸ்கூல் பசங்க மார்க்குக்காக ஆடிப் பாடுற கலோல்சவம் இல்ல.

— வெள்ளைத் தாள் போதுமுங்க. நானே எழுதிக்கறேன். பேனா மட்டும் குடுங்க அம்மணி. உங்க பேரு?

— ஜோமோள். போட்டி நடத்துறது நாங்கதான். சார், இங்க வாசிச்ச குட்டி யாரோட அப்பாவா?

— பூபதிராஜா. முதலமடையில மாந்தோப்பு. என்ற பொண்ணு மௌனிகா, பிளஸ் ஒன். மூத்தவ யோகப்பிரியாவுக்கு பரதநாட்டியத்துல ஜில்லாவுல ரெண்டாவதுன்னு போட்டாங்க. அப்பீல் போட்டு ஸ்டேட்டுக்குக் கொண்டு போனேன். எனக்கு இதெல்லாம் பழக்கமுங்க. ஆமா, இதுல ஜெயிச்சா பரிட்சையில கிரேஸ் மார்க் உண்டுங்களா?

— இல்ல.

— அப்பறம் என்னத்துக்குங்க பாலக்காட்டுல ஹால் புடிச்சு நடத்தறீங்க?

— பாட்டுக்காக சாரே. சரி, யார் மேல அப்பீலு?

— ஏழாம் நம்பரு. அதுக்கு எப்படி முதல் பரிசு குடுத்தீங்க? என்ற பொண்ணு நாலாம் நம்பரு. அவளுக்கு ரெண்டாவது.

— நாலு உங்க குட்டின்னு எப்படித் தெரியும்? எல்லாரும் திரைக்குப் பின்னாடி இருந்துதான் வாசிச்சாங்க. அவங்கவங்க நம்பர் அவங்கவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பேரெல்லாம் ஒட்டுன கவர்ல இருக்கு. நானே பாக்கல.

— பெத்தவனுக்குத் தெரியாதுங்களா? ஊட்டுல தெனமும் கேக்கறேன். லாரியில மாங்கா ஏத்தறப்ப அந்தச் சத்தத்தையும் மீறிக் கேக்கும். நாலாம் நம்பரு ஆரம்பிச்சதுமே நிமிந்து உக்காந்துட்டேன். என்ன அடி! எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான? அவதான் எல்லாத்துக்கும் முன்னால முடிச்சா.

— முன்னால முடிக்கிறதுக்கு இது ஓட்டப்பந்தயமா?

— மிச்ச நேரத்துல படிக்கலாமுல்லங்க.

— அப்போ ஏழு?

— அது வாசிப்புங்களா? ஒண்ணைத் தட்டுது, யோசிக்குது. இன்னொண்ணைத் தட்டுது, மறுக்கா யோசிக்குது. பாடம் மறந்த புள்ளையாட்டம். எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா அழுதுச்சு. பாவம், அதோட புள்ளையா இருக்கும்.

— சாரே, ஜட்ஜும் அழுதாரு.

— அழுகைக்கு மார்க்கு உண்டுங்களா? ரூல்ல காட்டுங்க பாக்கலாம்.

— இல்ல.

— நேரத்துக்கு உண்டு. குறிச்ச நேரத்துக்கு மேல வாசிச்சா தள்ளுபடின்னு வாசல்ல நீங்களே ஒட்டியிருக்கீங்க. ஏழு அதைத் தாண்டிருச்சு. வீடியோ இருக்குதுங்க.

— பெல் அடிக்க வேண்டியவரு கேட்டுக்கிட்டே மறந்துபோயி உக்காந்துட்டாரு. அதுக்காக ஒரு குட்டியோட பரிசைப் புடுங்கணுமா? ரெண்டாவதும் நல்ல இடம்தானே.

— எங்களுக்கு ஆகாதுங்க. முதல் பரிசு வாங்குனா பியானோவ விடாம வாசிக்கலாமுன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன். இல்லாட்டி பரிட்சை முடிஞ்ச கையோட என்ட்ரன்ஸ் கோச்சிங் ஹாஸ்டலு. ஊட்டுல இருக்கற பியானோவ வித்துரலாமுன்னு வாங்கிக்க ஆளும் பாத்தாச்சு. அவளும் சரின்னு தலையாட்டிட்டா.

— என்ன சாரே இது!

— எனக்கு மட்டும் அவளை ஹாஸ்டல்ல விட மனசுங்களா? ஆனா சொன்ன சொல்லுல இருந்து எறங்க முடியாதில்லீங்க. அதான் அப்பீலு.

— குட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...

— காருக்குள்ள படிச்சுட்டு இருக்கா. நாளைக்குக் கெமிஸ்ட்ரி பரிட்சை. வாசிச்சு முடிச்சதும் ஓடி வந்து எப்படி வாசிச்சேன்னு என்னமோ சொல்ல ஆரம்பிச்சா. அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் கண்ணு, மொதல்ல படின்னு உக்கார வெச்சுட்டேன்.

— சரி, தாளைக் குடுங்க. உள்ள கேட்டுட்டு வரேன்.

— போனையும் கொண்டு போங்க அம்மணி. வீடியோவ முழுசா பாக்கச் சொல்லுங்க.

— முழுசா கேக்கச் சொல்றேன். இங்கயே இருங்க.

— வந்துட்டீங்களா? ஏனுங்க, முகம் ஏன் இப்படி இருக்குது? தள்ளிட்டாங்களா?

— ஏத்துக்கிட்டாங்க. வீடியோவுல தெளிவா இருக்கு, வேற வழியில்லைன்னாங்க. ஏழு வெளிய. நாலுக்கு முதல் பரிசு. ஜட்ஜு கையெழுத்துப் போட்டுட்டுத் தலையைக் குனிஞ்சவரு நிமிரவே இல்ல.

— வருத்தப்படாதீங்க. நியாயம்னு ஒண்ணு வேணுமில்லீங்க? அந்த ஏழாம் நம்பரு புள்ளைய நல்லா படிக்கச் சொல்லுங்க. அந்த வாசிப்புக்கு அதுதான் ஆகும்.

— வெளிய போர்டுல இன்னும் ஏழுன்னுதான் இருக்கு. போயி அழிக்கணும். எனக்குக் கை வரல.

— நான் அழிக்கட்டுங்களா? அட, என்ற பொண்ணே ஓடி வர்றா. மௌனிகா, பாத்து வா கண்ணு! புஸ்தகம் எங்க?

— கார்லயே கெடக்குதுங்கப்பா. போர்டு பாத்தேன். ஃபர்ஸ்ட்டு ஏழாம் நம்பருன்னு போட்டிருக்குது. அது நான்தானுங்கப்பா! பியானோ வாங்க வர்றவங்ககிட்ட வேண்டாமுன்னு சொல்லிருங்க.