ஜன்னலோரக் கட்டிலில் தாங்கள் கண்டறிந்த நோய்

நாடி பிடித்தே நகரை நடுங்கவைத்த நல்லாசானே! மூச்சொலி கேட்டே முழுநோயும் மொழியும் மூதறிஞரே! பிஷ்கேக் நகரின் இப்பொதுமருத்துவப் பிரிவைத் தலைமுடி கருத்திருந்த நாள்முதல் தலையில் முடியே இல்லாத இந்நாள்வரை கட்டிக்காத்த பேராசிரியர் சாதிர்பெக் இமானோவிச் அவர்களே, நாங்கள் 'அகாய்' என்றழைக்கும் ஐயா! தங்கள் பணி ஓய்வு விழாவில் பயிற்சி மருத்துவர்களாகிய நாங்கள் எழுந்து நின்று வணங்குகிறோம். உட்கார்ந்தால் உறங்கிவிடுவோம் என்பதால் நின்றபடியே வாசித்தும் முடிக்கிறோம்.

தங்களைப் பொறுமையின் பெட்டகம் என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டோம். இரவுப்பணி முடிந்த காலையில் பகல்பணியும், பகல்பணி முடிந்த மாலையில் மறுபடி இரவுப்பணியும் வாரி வழங்கிய வள்ளல் தாங்கள். 'வார்டு இருக்கும்போது வீடு எதற்கு?' என்று கேட்ட ஞானி தாங்கள். மாதாமாதம் வரும் எங்கள் உதவித்தொகையோ வாடகையோடு கைகுலுக்கி விடைபெற்றுவிடும். அது யாருக்கு உதவுகிறது என்பது வீட்டுக்காரருக்கே வெளிச்சம்.

எங்களில் ஒருத்தி சினாரா. நரீன் மலைப்பக்கத்துப் பெண். ரொட்டிக்கும் பேருந்துக்கும் காசு வேண்டி, ஓய்வு கிடைக்கும் பிற்பகலிலும் தனியார் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கப் போவாள். போன குளிர்காலத்தில் ஒரு காலை, இரவுப்பணி முடிந்து பகல்பணி தொடங்கும் வேளை, ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. நோயாளி வீடு திரும்பியிருந்தார்; விரிப்பும் புதிது. வெள்ளைக் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கொஞ்சம் கண்ணை மூடலாமென்று சாய்ந்தாள். பணியில் தூங்கினால் பயிற்சியிலிருந்து நீக்கம் என்பது தங்கள் சட்டம். அவளுக்குத் தெரியும். அவள் கால்களுக்குத் தெரியவில்லை.

பரிவாரம் புடைசூழத் தாங்கள் ரவுண்ட்ஸ் வந்தீர்கள். நோயாளியின் முகத்தை நுணுகி நோக்குவதும், பயிற்சி மருத்துவரின் முகத்தை ஒருபோதும் நோக்காததும் தங்கள் நெடுநாள் நெறி. ஆகவே அடையாளம் தெரியவில்லை. நாடி பிடித்தீர்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தீர்கள். அவள் அசையவில்லை.

"ரத்தமே இல்லையே! சாப்பிடுறாளா இல்லையா? இந்தப் பொண்ணு எங்க வேலை பாக்குது?"

ரவுண்ட்ஸில் தங்களைத் திருத்துவது இங்கு வழக்கமில்லை.

"தூங்கவிடாம மாடு மாதிரி வேலை வாங்கியிருக்கான். எவன் அந்த முதலாளி? கூப்பிடுங்க அவனை! நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்!"

தலைமைச் செவிலி ரைகானுக்கு மட்டும் தங்களிடம் பயமில்லை. தாங்கள் பயிற்சிக்கு வந்தபோதே இங்கே ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

"கூப்பிட வேணாம் அகாய். இது நம்ம சினாரா. முதலாளி அவ கையைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கறாரு."

அப்போதுதான் சினாரா விழித்தாள். தங்கள் முகம் அவ்வளவு அருகில். போச்சு, படிச்சதெல்லாம் போச்சு என்று எழப் பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க அகாய்... இப்பதான் சாஞ்சேன்..."

"படும்மா," என்றீர்கள். "ரைகான், இவளுக்கு ஷோர்போ சூப் கொண்டுவரச் சொல்லு. கறியோட. வெறும் எலும்பும் தண்ணியுமா வந்துச்சோ, பாத்துக்கறேன்."

அன்று அவள் பணியைத் தாங்களே பார்த்தீர்கள். நண்பகலில் தாங்கள் நாற்காலி தேடியதையும், மாலையில் ஒரே கிழவரிடம் மறுபடி மறுபடி பெயர் கேட்டதையும் கண்டும் காணாதிருந்தோம். மறுநாள் தங்கள் ஆணை வந்தது: இரவுப்பணி முடித்தவர் வீட்டுக்குப் போக வேண்டும், இரவுப்பணிக்குத் தனிச் சம்பளம் வேண்டும். முன்பாதி நடக்கிறது. பின்பாதி நிர்வாகத்தின் மேசையில் படுத்திருக்கிறது. அதற்காவது படுக்க இடம் கிடைத்ததே!

தங்களோடு தங்கள் ஆணையும் ஓய்வு பெற்றுவிடுமோ என்பதே எங்கள் அச்சம். அடுத்த தலைவர் தங்கள் வலப்பக்கம் அமர்ந்து போர்சோக் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "எங்க காலத்துல தூங்கவா செஞ்சோம்?" என்று நேற்றே கேட்டுவிட்டார். ஆகவே ஏற்புரைக்கு எழும்போது மலைகளைப் பற்றியும் மனிதநேயத்தைப் பற்றியும் பேசாதீர்கள். அவரைப் பார்த்து அந்த ஆணையை முழுதாகச் சொல்லுங்கள். சபான் அங்கி போர்த்தப்பட்ட பெரியவரின் சொல்லைச் சபையில் மறுப்பவர் நம் ஊரில் இல்லை. அதற்காகவே, கைக்கு மீறித்தான், தங்களுக்குப் போர்த்த நல்ல சபானாகப் பார்த்து வாங்கினோம்.

நலம் குன்றாது நெடுங்காலம் வாழ்க, அகாய்! ஒருவேளை குன்றினால், தங்களுக்கு ஊசி போட வரும் மருத்துவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வந்தவராக இருப்பாராக!

அன்பும் அசதியும் கலந்து,
பொதுமருத்துவப் பிரிவின் பயிற்சி மருத்துவர்கள்